எழுபத்திரண்டாம் சேனல்

கிளைடர் விடும் எங்கள் மலைச்சரிவில் எனக்கு ‘சட்டம்’ என்று பட்டப்பெயர். என் முதுகுக்குப் பின்னால் வைத்ததுதான். ஆனாலும் தெரியவந்தபோது உள்ளூர எனக்குப் பெருமையாக இருந்தது. சும்மா வரவில்லையே, அந்தப் பெயருக்காக எத்தனை பேரிடம் சண்டை போட்டிருக்கிறேன்!

நாங்கள் பறக்கவிடுவது நாற்பது ஐம்பது வருடத்துக்கு முந்தைய மாடல் கிளைடர்களை. ஆள் ஏறாத, கீழே நின்று ரிமோட்டில் திருப்புகிற சின்ன விமானம், எஞ்சின் கிடையாது. மெல்லிய மரத்தில் எலும்புக்கூடு கட்டி, மேலே காகிதம் ஒட்டி, சரிவின் விளிம்பில் நின்று காற்றுக்கு எதிரே வீசுவோம். சரிவில் மோதி மேலேறும் காற்று அதைத் தாங்கிக்கொள்ளும். கிளைடர் பழசென்றால் ரிமோட்டும் பழசாகவே இருக்க வேண்டும் என்பது எங்கள் வீம்பு. அந்த வீம்பில் ஒரு வில்லங்கம் உண்டு. பழைய ரிமோட்டில் இரண்டு பேருக்கு ஒரே சேனல் என்றால், ஒருவர் பறக்கவிடும்போது மற்றவர் சுவிட்சைத் தொடக் கூடாது. தொட்டால், யார் பேச்சைக் கேட்பது என்று மேலே இருப்பதற்குத் தெரியாது. அதனால் ஒரு பலகையில் சேனல் எண் எழுதிய துணி கிளிப்புகளை மாட்டிவைத்தோம். கிளிப்பை எடுத்துத் தன் ஆன்டெனாவில் மாட்டியவர் மட்டும்தான் சுவிட்ச் போடலாம். பலகையை அறுத்தது, எண் எழுதியது, மறந்தவர்களை வாய் கிழியத் திட்டியது எல்லாம் நான்தான். லிஃப்ட் மெக்கானிக் வேலை பார்ப்பவனுக்கு இந்தக் குணம் கூடவே வந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எழுபத்திரண்டாம் சேனலில் இரண்டு பேர். நானும், என் அக்கா வீட்டுக்காரரும்.

மாமா பஸ் டிரைவர். இருபத்தாறு வருடத்தில் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அவருக்கு ஒரே ஒரு பயம். அவருடைய அப்பாவுக்கு ஐம்பத்தைந்து வயதில் கை நடுக்கம் வந்தது. கடைசியில் தண்ணீர் குடிக்கவே ஆள் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மாமாவுக்கு இப்போது ஐம்பத்து நான்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமாவின் கிளைடர் மேலே இருந்தது. மூன்று மீட்டர் இறக்கை, ஒன்றரை வருட வேலை. குழுவுக்குப் புதிதாக வந்த மருந்துக்கடைக்காரர் தன் ரிமோட்டைப் புல்லில் போட்டுவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேட்டரியாவது பார்த்தீர்களா என்று கேட்டேன். முழித்தார். மீட்டர் முள்ளை எப்படிப் பார்ப்பது என்று காட்டுவதற்காக என் ரிமோட்டை எடுத்தேன், ஆன்டெனாவை இழுத்தேன், சுவிட்சைப் போட்டேன். முள் பச்சைக் கோட்டைத் தாண்டி நிற்க வேண்டும், ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது என்று பாடம் வேறு நடத்தினேன். கிளிப் என் ஞாபகத்திலேயே இல்லை.

நாலு நொடி இருக்கும். யாரோ கத்தினார்கள். நிமிர்ந்து பார்த்தால், கிளைடர் ஒரு பக்கமாகச் சரிந்து பாறையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. என் கட்டைவிரல் தானாகச் சுவிட்சை அணைத்தது. அணைத்த அந்த நொடியே இது என் வேலைதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குள் பாறையில் மரம் நொறுங்குகிற சத்தம் கேட்டது.

மருந்துக்கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. வேறு யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வலப்பக்கம்தான் திருப்பினேன் மாப்ள. திருப்பினதா நெனச்சேன். கை சொன்ன பேச்சு கேக்கல.”

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பத்துப் பேர் எதிரில் என் மானம் போகும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். காற்று இன்றைக்கு ஒரு தினுசாக இருக்கிறது என்று சொல்லி வைத்தேன்.

மறுநாள் மாமா வண்டி எடுக்கவில்லை. லீவு போட்டார். டிப்போ டாக்டர் சோதித்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். டாக்டர் பார்க்கும்போது நடுங்கவில்லை, அதற்காக நடுங்காது என்று ஆகிவிடுமா என்றார் மாமா. முதுகுக்குப் பின்னால் அறுபது உயிர் உட்கார்ந்திருக்கும்போது கை ஏமாற்றினால் என்ன ஆவது என்றார். அக்கா தினமும் போன் செய்து அழுதாள். நானும் தினமும், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று எனக்கே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டேன்.

மூன்றாவது சனிக்கிழமை, டிரைவர் வேலை வேண்டாம், டிக்கெட் கவுண்டருக்கு மாற்றுங்கள் என்று மாமா கடிதம் எழுதிவிட்டதாக அக்கா சொன்னாள். திங்கட்கிழமை கொடுக்கப்போகிறாராம். அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. என் ரிமோட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். செருப்பைக்கூடக் கழற்றாமல், வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டேன்.

மாமா சிரித்தார். என் தோளில் கை வைத்தார்.

“நீயா? ஊர்ல வேற எவன் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன். எனக்காக உன் பேரையே கெடுத்துக்கிறியே மாப்ள.”

என் தம்பிக்குத்தான் என்ன மனசு என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உள்ளதைச் சொல்கிறேன், ஒரு கணம் எனக்கு இனித்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, அவர் நம்பாவிட்டால் நான் என்ன செய்ய என்று கிளம்பிவிடலாம் போலிருந்தது. சீ, என்ன ஜென்மம் நான்!

கட்டிலுக்கடியில் இருந்த உடைந்த கிளைடரை இழுத்தேன். ரிமோட் சொல்வதைக் கேட்கும் ரிசீவரும், வாலில் சுக்கானை அசைக்கும் குட்டி மோட்டாரும் பிழைத்திருந்தன. சாப்பாட்டு மேசையில் வைத்து பேட்டரியை இணைத்து, மாமாவின் ரிமோட்டை அவர் கையில் கொடுத்தேன். அவர் ரிமோட்டின் குச்சியை அசைத்தார். சுக்கான் வலம் என்றால் வலம், இடம் என்றால் இடம் போனது. பிறகு நான் என்னுடையதை ஆன் செய்தேன். சுக்கான் வலிப்பு வந்ததுபோல் உதறி இடப்பக்கம் போய் ஒட்டிக்கொண்டது. மாமா வலப்பக்கம் தள்ளினார். அது அசையவில்லை. அணைத்தேன், அவர் சொன்னபடி கேட்டது. மறுபடி போட்டேன், உதறியது. மூன்றாம் முறை போடப்போனபோது போதும் என்று கை காட்டினார்.

ரிமோட்டை மெதுவாகக் கீழே வைத்தார். இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்துப் பார்த்தார். ஒரு விரலிலும் நடுக்கமில்லை. அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவர் அறைந்திருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

“கிளைடர் போனா போகட்டும்,” என்றார். “போன ஞாயித்துக்கிழமை கண்ணாடி முன்னாடி நின்னு, கை சொன்ன பேச்சு கேக்குதான்னு சட்டைப் பொத்தானக் கழட்டிக் கழட்டிப் போட்டுப் பாத்துக்கிட்டிருந்தேன். நீ வந்த. ‘நான் போட்டு விடவா மாமா’ன்னு கேட்ட.”

கேட்டேன். கழுத்து வரைக்கும் போட்டும் விட்டேன்.