பார்க்கத்தக்கவை: இல்லை

“இல்லைன்னு போடாதீங்க.”

“அச்சாபீஸ்ல காத்துக்கிட்டிருக்காங்க, இராஜம்மா. மேல வாசி.”

“அந்த ஒரு சொல்லை எடுங்க, வாசிக்கறேன்.”

“ஊருக்கு நாலு வரிதான். அதுக்கு இவ்வளவு வம்பா?”

பழனியப்பன் ரயில்வேயில் டிக்கெட் கிளார்க். கப்பலில் புதிதாக வந்திறங்கும் நம்மவர்களுக்காக ஊர் விவரக் கையேடு ஒன்றைத் தொகுத்திருந்தார். பிரிக்பீல்ட்ஸ் குவாட்டர்ஸில் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க மனைவி அச்சுப்படியை உரக்க வாசிக்க, அவர் கையெழுத்துப் பிரதியில் விரலை வைத்துச் சரிபார்த்துக்கொண்டு வந்தார். கிள்ளான்: ராஜா அப்துல்லா 1857இல் கட்டிய கிட்டங்கி. கோலாலம்பூர்: சீனர் தலைவர் காப்பித்தான் யாப் ஆ லோய், மறைவு 1885. பத்துமலை: 1920இல் போட்ட மரப்படிகள். எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. அதற்கடுத்தது சாலாக் சவுத். ஈயம், ரப்பர். பார்க்கத்தக்கவை: இல்லை.

ஏழு வருஷத்துக்கு முன் அங்கே குடியிருந்தபோதுதான் அவர்களுடைய ஐந்து வயது மகள் சந்திரகலா காய்ச்சலில் போனாள். பெண்கள் இடுகாட்டுக்குப் போகிற வழக்கமில்லை. குழந்தையை அவர் தோளில் தூக்கிப் போனதை இவள் வாசலோடு நின்று பார்த்தாள். அவ்வளவுதான் பார்த்தாள்.

“கேரி தீவுக்குக் கொக்கு இருக்குன்னு போட்டிருக்கீங்க.”

“கொக்கைப் பார்க்க நாலு பேர் போவான்.”

“என் பிள்ளையைப் பார்க்க நான் போவேன்.”

“அதைப் புத்தகத்துல போடச் சொல்றியா?”

“பிள்ளையைப் போடச் சொல்லலைங்க. இடுகாட்டு மேட்டுல மாரியம்மன் கோயில் ஒண்ணு இருக்கில்ல, அதைப் போடுங்க. யார் என்ன சொன்னாலும் சரி, இந்தப் புத்தகம் முடிஞ்சதும் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னது நீங்கதான்.”

“கோயில் இப்ப இல்ல.”

“இல்லையா?”

“எடுத்துட்டாங்க. ஈயம் தோண்டறவங்க.”

“கோயிலை மட்டுந்தானே?”

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை.

“மேட்டையும். பம்பு வச்சுத் தண்ணியடிச்சுக் கரைச்சுட்டாங்க. இப்ப அது குட்டை.”

“எலும்பெல்லாம்?”

“வேற இடத்துல வச்சதா சொன்னாங்க. எங்கன்னு கேட்டேன். யாருக்கும் தெரியல.”

“எப்ப நடந்துச்சு?”

“அவ போன மறுவருஷம். இருபத்தெட்டுல.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“நீ அப்பத்தான் கொஞ்சம் சோறு திங்க ஆரம்பிச்சிருந்தே.”

இராஜம்மா அச்சுப்படியை மடியில் கவிழ்த்து வைத்தாள். பக்கத்து வீட்டில் யாரோ தேங்காய் உடைத்தார்கள். கோபமாகப் பேசுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் குரல் தணிந்துதான் வந்தது.

“அப்போ வருஷா வருஷம் அவ திதிக்குச் சொம்புல பால் கொடுத்தனுப்புனேனே. அதை எங்கங்க ஊத்துனீங்க?”