குளிப்பாட்டத் தண்ணீர்

இறந்தவர்களைக் குளிப்பாட்டும் ஹாஜ் லக்தர் வாளியிலிருந்து ஒரு செம்பு மொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஊற்றவில்லை. திரும்ப வாளியிலேயே கொட்டிவிட்டு, சட்டைக் கைகளைச் சுருட்டிக்கொண்டு தயாராக நின்ற ஹம்முவை ஏறிட்டார்.

"மேல என்னமோ எண்ணெய் மாதிரி மினுங்குதேப்பா."

"குழாயில புடிச்சதுதான் ஹாஜி. இப்பத்தான் புடிச்சேன்."

"குழாயில புடிச்சதுனாலதான் கேக்குறேன்."

பலகையின் மேல், வெள்ளைத் துணிக்கு அடியில் ஹம்முவின் அப்பா புஜெமா கிடந்தார். அந்தப் பாலைவன ஊருக்குத் தெற்கே ரசாயனம் கலந்த தண்ணீரைப் பூமிக்குள் அடித்துப் பாறையைப் பிளந்து எரிவாயு எடுக்கிறார்கள். அந்தப் பாறைக்கு மேலேதான் ஊரே குடிக்கும் ஊற்று இருக்கிறது. துளை போடுவதை நிறுத்து என்று குளிர்காலத்திலிருந்து சனங்கள் சதுக்கத்தில் கூடாரம் அடித்து உட்கார்ந்திருந்தார்கள். புஜெமாவும் அங்கேதான் இருந்தார். இன்று காலை தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நெஞ்சு நின்றுபோயிருந்தது. அடிக்கிற வெயிலுக்கு பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் அடக்கியாக வேண்டும்.

"நிறம், வாடை, ருசி," என்றார் லக்தர். "இதுல ஒண்ணு மாறினாலும் அந்தத் தண்ணி குளிப்பாட்ட ஆகாது. வாடையை என் மூக்கு சொல்லாது. பொடி போட்டுப் போட்டு அது எப்பவோ செத்துப்போச்சு. நீ பெத்த புள்ள. மோந்து பாத்து நீ சொல்லு. நீ சொல்றபடி செய்யிறேன்."

ஹம்மு செம்பை வாங்கி வாளியில் மொண்டான். யாரிடம் வந்து கேட்கிறார் மனுஷன்!

ஹம்மு அந்த எரிவாயுக் கம்பெனியில் டிரைவர். மேலாளர் முராத்துக்குக் கார் ஓட்டுகிறவன். போன மாதம் முராத் அவனைச் சதுக்கத்துக்குக் கூட்டிப்போய்க் கேமராவுக்கு முன்னால் நிறுத்தினார். "உள்ளூர்க்காரன் ஒருத்தன் குடிச்சுக் காட்டினா அவனவன் வாயை மூடிக்குவான்" என்றார். ஹம்மு ஒரு கண்ணாடித் தம்ளர் குழாய்த் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, உதட்டைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். முன்வரிசையில் அப்பா உட்கார்ந்திருந்தார்.

"ருசியா இருந்துச்சா?" என்று கேட்டார்.

"நல்லாத்தாம்ப்பா இருக்கு."

அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடாரத்தின் மறுகோடிக்குப் போய் விரித்தார். அதற்குப் பிறகு அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இனி எங்கே பேச!

ஹம்மு செம்பை மூக்கருகே கொண்டுபோனான். அணைத்த மண்ணெண்ணெய் விளக்கின் வாடை அடித்தது. அன்றைக்கும் இதே வாடைதான்.

"ஹம்மு, அப்பா மையித்துக்கு முன்னால நிக்கிற," என்றார் லக்தர் மெதுவாக.

"மாறிடுச்சு ஹாஜி."

கிழவர் தலையை ஆட்டிக்கொண்டார். "அப்ப மணலைத் தொட்டுத் தயம்மும் பண்ணிட வேண்டியதுதான். பாலைவனத்துல தண்ணி கிடைக்காதவனுக்குச் செய்யிறது. ஊத்து இருக்கிற ஊருல இப்பிடி ஒரு காலம்! ஆனா ஒண்ணு, வேற தண்ணி எங்கயும் இல்லைன்னாத்தான் மணல் செல்லும். அக்கம்பக்கத்துல இருக்கா?"

"எல்லா வீட்டுக்கும் அதே குழாய்தான்."

"வேற எங்கயாச்சும்?"

கம்பெனி முகாமில் ஒருத்தரும் ஊர்த் தண்ணீரை வாயில் வைப்பதில்லை. தலைநகர் அல்ஜியர்ஸிலிருந்து பாட்டில் பாட்டிலாக வருகிறது. விமான நிலையத்துக்குப் போய் அதை ஏற்றி வருகிறவனே அவன்தான். சேதி கேட்டு, துக்கம் விசாரிக்க வந்த முராத்தையும் ஏற்றிக்கொண்டு அவன் ஓட்டிவந்த கார் தெருமுனையில் நிற்கிறது. அதன் டிக்கியில் மூன்று பெட்டி இருக்கிறது. சாவி அவன் பையில் கிடக்கிறது.

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். கிழவர் நம்பிவிடுவார். வேலை நிலைக்கும், அவன் பிள்ளைகள் பிழைக்கும். அப்பா எழுந்து வந்தா கேட்கப் போகிறார்? துணிக்கு வெளியே அவர் குதிகால் தெரிந்தது. வெடிப்புகளில் சதுக்கத்து மண் இன்னும் ஒட்டியிருந்தது.

"இருக்கு ஹாஜி."

முற்றத்தில் பெண்களோடு உட்கார்ந்திருந்த அம்மா தாவியா நிமிர்ந்து, "முடிஞ்சுதாடா?" என்றாள். அவன் அவளைத் தாண்டித் தெருவுக்குப் போனான். சதுக்கத்துச் சனம் முழுவதும் சுவரோரமாக நின்றிருந்தது. காருக்குப் பக்கத்தில் முராத் மட்டும் தனியாக நின்றார்.

"மனசைத் திடப்படுத்திக்க ஹம்மு," என்று அவர் தொடங்கும்போதே அவன் டிக்கியைத் திறந்துவிட்டான்.

"என்ன பண்ற?"

"அப்பாவைக் குளிப்பாட்டணும் சார்."

முராத் குரலைத் தாழ்த்தினார். "மூடு அதை. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும் சார்."

முதல் பெட்டியைத் தோளில் ஏற்றினான். சுவரோரமிருந்து ரொட்டி விற்கிற மெஸௌதா சத்தமாகச் சொன்னாள்: "நம்ம தண்ணி தேனு மாதிரி இருக்குன்னாங்களே! தேனு இவங்களுக்கு ஒத்துக்கலையோ?"

யாரும் சிரிக்கவில்லை. கூட்டத்திலிருந்து இரண்டு பேர் வந்து மற்றப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவன் அப்பாவுக்குக் காலையில் தேநீர் ஊற்றிக் கொடுத்தவன். ஹம்மு சாவியை முராத்தின் கையில் வைத்தான். அவர் சுற்றிலும் பார்த்தார், காரில் ஏறித் தானே ஓட்டிக்கொண்டு போனார்.

அறைக்குள் ஒவ்வொரு மூடியாகத் திருகித் திறந்தார்கள். வெயிலில் கிடந்த தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. முதலில் இலந்தை இலை போட்டு, கடைசியில் கற்பூரம் போட்டு லக்தர் ஊற்ற ஊற்ற, ஹம்மு அப்பாவின் குதிகாலை விரலால் தேய்த்துக் கழுவினான். கழுவிய தண்ணீர் சுவரடி ஓட்டை வழியாகத் தெருவில் ஓடியது. வெளியே நின்றவர்கள் காலை ஒதுக்கி அதற்கு வழிவிட்டார்கள்.

அப்பாவின் ஜனாஸாவைத் தூக்கும்போது அம்மா அவனை வாசலில் மறித்தாள். திறக்காத பாட்டில் ஒன்று அவள் கையில் இருந்தது.

"எத்தனை நாளா இதை ஏத்துற?"

"வேலைக்குச் சேந்ததுலேருந்து."

"ஒரு பாட்டில் வீட்டுக்குக் கொண்டாரணும்னு தோணலை?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் அழவில்லை. பாட்டிலை அவன் நெஞ்சில் வைத்து அழுத்தினாள்.

"அவரைப் புதைச்சதும் கபுறு மேல ஊத்து. வழியில தாகம் எடுத்தா நீ குடிச்சிறாத. உனக்கென்ன, உனக்குத்தான் நம்ம தண்ணி நல்லா இருக்குமே."

கல்லறைக்குப் போகும் வழியெல்லாம் வெயில் கொளுத்தியது. குழிக்குள் இறக்கி, மண் தள்ளி, துஆ ஓதி முடித்தார்கள். ஹம்முவின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. மூடியைத் திருகி, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை மெல்ல ஊற்றிக்கொண்டு போனான். அவன் கால்மாட்டை எட்டுவதற்குள் தலைமாட்டில் மணல் காய்ந்துவிட்டது.

மற்றவர்கள் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு திரும்பி நடந்தார்கள். அவன் காலிப் பாட்டிலைக் கவிழ்த்தபடியே பிடித்துக்கொண்டு நின்றான்.