தொண்ணூற்றெட்டு

ஆரோக்கியசெல்வி நனைந்த துப்பட்டாவைப் பிழிந்துகொண்டே வார்டுக்குள் நுழைந்தபோது, அம்மா லூர்துமேரி அப்பாவின் கையைத் தூக்கிக் காட்டினாள். விரலில் மாட்டியிருந்த கிளிப்பில் சிவப்பு எண் எரிந்தது.

"தொண்ணூத்தெட்டு. ஆக்ஸிஜன் நல்லா இருக்குது, பயமில்லன்னுட்டாங்க. இந்த மழையில பாண்டியிலேந்து எதுக்கு ஓடியாந்த?"

ராயப்பன் கண்ணைத் திறந்தார். "தலதாம்மா பொளக்குது." முகம் தெளிவாகத்தான் இருந்தது. உதடுகூடச் சிவந்திருந்தது. செல்விக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. டீ குடிக்க இறங்கிப் போனாள்.

திண்டிவனத்தில் காலையிலிருந்து மழை விடவில்லை. டீக்கடையில் நின்றபடி, ஆராய்ச்சி வழிகாட்டி கோதண்டபாணி அனுப்பியிருந்த செய்தியைப் படித்தாள். அவள் ஆராய்வது லித்தியம் நியோபேட் என்ற படிகத்தை. அதன்மேல் லேசர் பட்டதும், உள்ளே விடுபடும் எலக்ட்ரான் சுற்றியுள்ள அணுக்களை நகர்த்தி, தானே ஒரு பள்ளம் பறித்து அதிலேயே சிக்கிக்கொள்ளும். போலரான் என்பார்கள். சிக்கியிருக்கும்வரை அது சிவப்பு ஒளியை விழுங்கும், படிகம் கணநேரம் இருளும். அந்த இருளை அளப்பதுதான் அவள் வேலை.

'இரண்டு வகைப் போலரானும் இந்தச் சிவப்பை விழுங்கும். ஒரே நிறத்தில் அளந்துவிட்டு எந்த வகை என்று எப்படி முடிவு செய்தாய்?' என்று கேட்டிருந்தார்.

அவள் திரும்பி வந்தபோது ராயப்பன் வாந்தி எடுத்திருந்தார். அம்மா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மில்லுல நைட்டெல்லாம் கரண்டு இல்லியாம். வாட்ச்மேன் வேலன்னா சும்மாவா? சாரல் அடிக்குதுன்னு ஷட்டர இறக்கிட்டு, உள்ளயே ஜெனரேட்டர ஓட்டிக்கினு படுத்திருக்காரு. காலைல லோடு ஏத்த வந்தவங்கதான் தூக்கியாந்தாங்க."

செல்வி கிளிப்பைப் பார்த்தாள். அதுவும் விரலுக்குள் இரண்டு நிற ஒளியை அனுப்பி, ரத்தம் எவ்வளவு விழுங்குகிறது என்றுதான் அளக்கிறது. நச்சுப்புகை ஏறிய ரத்தமும் அதற்கு ஆக்ஸிஜன் ஏறிய ரத்தமாகவே தெரியும்.

"சிஸ்டர், இந்த நம்பர் பொய்யிங்க! ஜெனரேட்டர் புகைய இழுத்திருக்காரு. ஆக்ஸிஜன் வைங்க, ஜல்தி!"

"தொண்ணூத்தெட்டு இருக்கறவருக்கு எதுக்கும்மா ஆக்ஸிஜன்? டாக்டர் வரட்டும்."

டாக்டர் வர இருபது நிமிடம் ஆனது. ஜெனரேட்டர் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் வேறெதுவும் கேட்கவில்லை. தானே மாஸ்க்கை மாட்டிவிட்டு, விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸை வரச்சொன்னார்.

வண்டியில் லூர்துமேரி எண்ணையே பார்த்துக்கொண்டு வந்தாள். "இப்பவும் கொறயலடி." செல்வி அப்பாவின் நெஞ்சை மட்டும் பார்த்தாள். ஏற்கெனவே ஒருமுறை அடைப்பு வந்த நெஞ்சு. விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டியதும் அது ஏறி இறங்குவது நின்றது. கூட வந்த ஆம்புலன்ஸ் உதவியாளர் குமரேசன் இரண்டு கையாலும் அழுத்தினார். வெகுநேரம் அழுத்தினார். பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டு, இல்லையென்று தலையை ஆட்டினார்.

லூர்துமேரி அழவில்லை. மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"உனக்கு எப்பத் தெரிஞ்சிது?"

செல்வி அப்பாவின் விரலிலிருந்து கிளிப்பைக் கழற்றினாள்.

டிரைவர் சைரனை அணைத்துவிட்டு வேகத்தைக் குறைத்தார். இவர்களுக்காக ஓரம் கட்டிய கரும்பு லாரி ஒன்று முன்னால் மழையில் நின்றிருந்தது. அதன் ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டு, போ, போ என்று அவசரமாக வழிகாட்டிக்கொண்டே இருந்தது.