பதினோரு படங்கள்

“சரி பண்ண உள்ள போனா கம்ப்யூட்டரு பாஸ்வேர்டு கேக்குதுண்ணே,” என்றாள் காளீஸ்வரி.

பால்ச்சாமி தன் பெயரைச் சொன்னான். அவள் அடித்துப் பார்த்தாள். இல்லை. கல்யாண வருஷத்தைச் சொன்னான். பிறகு ஊர்ப் பெயர், குலசாமி பெயர். எதற்கும் திறக்கவில்லை.

“வேற ஏதாச்சும் ஞாபகம் வருதா?”

அவனுக்கு வேறொன்றும் தெரியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம், நடுவீட்டில், ஐஸ் பெட்டிக்குள் அவன் மனைவி முருகலட்சுமி கிடந்தாள். பெட்டியின் மோட்டார் ஓடுகிற சத்தம் இந்த அறைவரை கேட்டது.

நேற்றுக் காலை பக்கத்து வீட்டு அழகுத்தாய்தான் பார்த்திருக்கிறாள். கம்ப்யூட்டர் முன்னால் இதே நாற்காலியில் தலை சாய்ந்தபடி கிடந்தாளாம். நெஞ்சுவலி என்றார்கள். அப்போது பால்ச்சாமி லோடோடு ஓசூரைத் தாண்டிக்கொண்டிருந்தான். ராத்திரி வந்து சேர்ந்த இன்னொரு டிரைவரிடம் லாரியை ஒப்படைத்துவிட்டு, மூன்று பஸ் மாறி, இன்று காலையில்தான் வந்து சேர்ந்தான். பிள்ளைகள் இல்லை. எடுப்பதற்கு அவனுக்காகத்தான் காத்திருந்தார்கள்.

வந்ததும் மச்சினன் அழகுராஜா கேட்ட முதல் கேள்வி, “மச்சான், பிளெக்ஸுக்கு அக்கா போட்டோ இருக்கா?” என்பதுதான். கல்யாணப் படத்தில் அவளுக்கு இருபத்திரண்டு வயது. ஆதார் அட்டையில் முகமே தெரியவில்லை. அவளிடம் இருந்தது பட்டன் போன். பால்ச்சாமியின் போனில் எடைச்சீட்டும் டயரும் தார்ப்பாய் கட்டிய லோடும்தான் இருந்தன. முழுக்கத் தள்ளிப் பார்த்துவிட்டு அழகுராஜா போனைத் திருப்பிக் கொடுத்தான்.

இருந்தால் கம்ப்யூட்டரில்தான் இருக்கும். அதுவோ எழுந்திருக்க மறுத்தது. மூன்று நாளைக்கு முன்பு முருகலட்சுமியே போனில் சொல்லியிருந்தாள்.

“மக்கர் பண்ணுதேன்னு பழைய தேதிக்குப் போகச் சொல்லி ரெஸ்டோர் குடுத்தேன். பாதியில கரெண்டு போயிருச்சு. இப்ப சுத்திக்கிட்டே நிக்கி. ஊராளுக பேப்பரெல்லாம் அதுக்குள்ளதான் கெடக்கு.”

“வந்து பாக்கேன்,” என்றிருந்தான். எப்போது என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அருப்புக்கோட்டையிலிருந்து காளீஸ்வரியை அழகுராஜா கூட்டி வந்திருந்தான். கம்ப்யூட்டர் ரிப்பேரில் பதினைந்து வருஷமாக இருப்பவள். சாவு வீடு என்பதால் செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

“ரெஸ்டோர் பாதியில நின்னதுல சிஸ்டம் போயிருச்சுண்ணே. டிஸ்க்கு போயிருக்காது. கழட்டி என் லேப்டாப்புல மாட்டிப் பாப்போம். அதுக்குப் பாஸ்வேர்டு வேண்டியதில்ல.”

கம்ப்யூட்டரின் பக்கத்தகட்டைக் கழற்றினாள். உள்ளே தூசியே இல்லை. முருகலட்சுமி துடைத்து வைத்திருந்தாள் போல. டிஸ்க்கை எடுத்து வயரில் கோத்ததும் லேப்டாப்பில் வரிசை வரிசையாக முகங்கள் வந்தன. முதியோர் பென்ஷனுக்கும் சாதிச் சான்றுக்கும் ஊராருக்கு அவள் மனு எழுதிக் கொடுக்க, வெள்ளைச் சுவரோரம் நிறுத்தி எடுத்த படங்கள். கோட்டைச்சாமி, பேச்சி, முனீஸ்வரி என்று ஒவ்வொன்றுக்கும் பேர் போட்டிருந்தது. ஊரே இருந்தது. அவள் இல்லை.

“இருங்க, இன்னொரு போல்டர் இருக்கு,” என்றாள் காளீஸ்வரி. “இது அக்காதான?”

பதினோரு படங்கள். கம்ப்யூட்டர் மேல் மாட்டியிருந்த சின்னக் கேமராவில் தானே எடுத்துக்கொண்டவை. சூரத்திலிருந்து அவன் வாங்கி வந்த நீலச் சேலை. அவள் அதைக் கட்டி அவன் பார்த்ததில்லை. முதல் படத்தில் பூ இடது தோளில் கிடந்தது. அடுத்ததில் வலது தோளில். ஒன்றில் விளக்கை நகர்த்தி வைத்திருந்தாள். ஒன்றில் சிரித்துப் பார்த்திருந்தாள். கடைசிப் படத்தில் பூ இல்லை. முதலுக்கும் கடைசிக்கும் ரெண்டரை மணி நேரம்.

“கேமரா சரியா இருக்கான்னு பாத்திருக்காக. யாரோ வீடியோவுல கூப்பிடுறதா இருந்துச்சு போல.”

பால்ச்சாமி தேதியைப் பார்த்தான். போன பொங்கல். ‘சாயங்காலம் கூப்பிடுதேன், முகத்தப் பாத்துப் பேசுவோம்’ என்று சொல்லியிருந்தான். டோல்கேட் வரிசையில் ஸ்டியரிங் மேல் தலையை வைத்துத் தூங்கிப்போனான். மறுநாள் பேசும்போது அவள் அதைக் கேட்கவில்லை. கரும்பு நல்ல இனிப்பு என்று மட்டும் சொன்னாள்.

“யாரு மச்சான் கூப்பிடுறதா இருந்துச்சு?” என்றான் அழகுராஜா.

“நாந்தான்.”

அழகுராஜா நாலாவது படத்தைக் காட்டி, “பிளெக்ஸ் கடைக்கு இத அனுப்புக்கா,” என்றான்.

நாலு மணிக்கு எடுத்தார்கள். கொள்ளி வைத்துவிட்டு, கண்மாயில் முழுகி ஈர வேட்டியோடு திரும்பினான் பால்ச்சாமி. பஸ் நிறுத்தத்தருகே வந்ததும், “நீங்க போங்க, வாரேன்,” என்றான். மற்றவர்கள் தயங்கிவிட்டுப் போனார்கள்.

கரண்டு கம்பத்துக்கும் கருவேல மரத்துக்கும் நடுவே பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். நீலச் சேலையில் ஆள் உயரத்துக்கு இருந்தாள். எதிரே போய் நின்றான். அவள் அவனைப் பார்க்கவில்லை. ஒரு அடி இடப்பக்கம் தள்ளி நின்றான். பின்னால் நகர்ந்தும் பார்த்தான். படம் எடுக்கையில் கேமராவைப் பார்க்காமல், அதற்குக் கீழே திரையைப் பார்த்திருக்கிறாள்.

திருச்சுழி பஸ் வந்து நின்றது. யாரும் இறங்கவில்லை. அது கிளப்பிய புழுதி அடங்கும்வரை நின்றுகொண்டிருந்தவன், பிளெக்ஸை ஒட்டி முன்னால் வந்து, அவள் கண் விழுகிற இடம் பார்த்துத் தரையில் உட்கார்ந்தான்.