பாதிப் பின்னல்

...அக்கா இவ்வளவு மெதுவாக நடக்கிறவள் இல்லையே, முன்பெல்லாம் தங்கச்சி இவள்தான் பின்னால் ஓடவேண்டியிருக்கும், பஸ் நிறுத்தத்திலிருந்து வருவதற்குள் இரண்டு தடவை நின்றுவிட்டாள், கால் வலியா, இல்லை இத்தனை வருடம் ஜெயில் சுவருக்குள் நடந்தவளுக்குத் திருப்பூர் ரோடு பயமாக இருக்கிறதா, கேட்கலாமா வேண்டாமா என்று தெய்வாத்தாள் தன் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். "பசிக்குதாக்கா?" "இல்ல கண்ணு, பஸ்ஸுல ஒரு அம்மா பொரி குடுத்துச்சு." ஆரென்று தெரியாமல் கொடுத்திருப்பாள்... தெரிந்திருந்தால்? சொந்த ஊரான குண்டடத்தில் அக்காவின் பேரை, பூவாத்தாள் என்கிற பேரையே யாரும் சொல்வதில்லை. தெய்வாத்தாளுக்கு மட்டும் அக்கா எப்போதும் அக்காதான், அம்மா செத்த பிறகு காய்ச்சலில் கிடந்தவளை மடியைவிட்டு இறக்காதவள், தயிரை இவள் வட்டிலில் ஊற்றிவிட்டுத் தனக்கு வெறும் மோரை ஊற்றிக்கொண்டவள். அக்கா புருஷன் நஞ்சப்பன் மாமன் பனியன் கம்பெனியில் ஒருத்தியோடு சேர்ந்துகொண்டு, நாலு பேரைக் கூட்டிவைத்து அக்காவை வேண்டாமென்று தீர்த்துவிட்ட மறுநாள், இரண்டு பிள்ளைகளையும் குளிக்க வைத்து, நல்ல சட்டை போட்டு, தோட்டத்துக் கிணற்றுக்குக் கூட்டிப்போனவளும் அவளேதான். அவளை மட்டும் உயிரோடு தூக்கினார்கள். நான் போயிட்டா இதுகள ஆரு பாப்பாங்க என்றாளாம் கோர்ட்டில். ஏன், நான் பார்க்கமாட்டேனா, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா... ஜெயிலுக்குப் போகும்போதெல்லாம் இதைக் கேட்கத்தான் போவாள், கம்பிக்கு அந்தப்புறம் அந்த முகத்தைக் கண்டதும் முறுக்கு நல்லா இருந்துச்சாக்கா என்று கேட்டுவிட்டுத் திரும்புவாள்.

வீட்டுக்கு வந்ததும் இவள் ஸ்டவ்வில் பாலை வைத்தாள். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது புருஷன் லிங்கசாமி, "எங்க போவாங்க, நம்மூட்லயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனது எவ்வளவு நிம்மதி, வேறொருவன் என்றால் அப்படிச் சொல்வானா... "இதென்ன தலை, காக்கா கூடாட்ட? உக்காரு" என்று அக்கா சீப்பை எடுத்தாள், விரல்கள் பழையபடியே சிக்கை வலிக்காமல் பிரித்தன, தெய்வாத்தாளுக்குக் கண் சொருகியது, கலியாணமாகிப் பிள்ளை பெற்றவள் இப்படி உட்கார்ந்திருக்கிறேனே என்று சிரிப்பும் வந்தது. குழந்தை தவழ்ந்துவந்து அக்காவின் மடியில் ஏறியது. பின்னல் பாதியில் நின்றது. "பாப்பாவ எடுத்துக்க கண்ணு." "இருக்கட்டுமேக்கா, உம்பட மகதான" என்றாள், மனசாரத்தான் சொன்னாள், பின்னால் குழந்தை வளையலை இழுத்து விளையாடும் சத்தம், அக்கா மெல்ல, மிக மெல்ல, என்னமோ முனகினாள், தாலாட்டா... உள்ளே பால் பொங்கி ஸ்டவ்வில் விழுந்து கருகும் வாசனை வந்தது. எழுந்து போகவேண்டும், நாலடிதான், போய் அணைத்துவிட்டு வந்தால் முடிந்தது, ஆனால் சடை அக்கா கையில் அல்லவா இருக்கிறது, பாதியில் எப்படி எழுவது, அதனால்தானே உட்கார்ந்திருக்கிறேன், அதனால்தான்... அக்கா சடையை விட்டுவிட்டாள். அப்போதும் தெய்வாத்தாள் எழவில்லை. "பால் பொங்குது பாரு" என்றாள் அக்கா, குரலில் கோபமில்லை, வருத்தம்கூட இல்லை, காய்ச்சல்காரியிடம் பேசுகிற அதே குரல், "பாப்பாவயும் தூக்கிட்டுப் போ கண்ணு." தூக்கிக்கொண்டாள். அக்காவுக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது, பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே, ஒருவேளை கம்பிக்குப் பின்னால் நின்ற நாள் முதலே, தனக்குத்தான் இப்போது... ஸ்டவ்வை அணைத்த பிறகும், குழந்தையை மார்போடு வைத்துக்கொண்டு, திரும்பிப் போய் அக்கா முன்னால் எப்படி உட்காருவது என்று தெரியாமல் அங்கேயே நின்றாள்.