முகிலகத்தின் மூன்றாம் மாடி

ஏற்காட்டிலிருந்து வாழவந்தி போகும் சாலையில் இருக்கும் முகிலகம் என்ற அடுக்குமாடிக் கட்டடத்தில் மூன்றாம் மாடி மட்டும்தான் இருக்கிறது. தரைத்தளமும் முதல் மாடியும் இரண்டாம் மாடியும் இன்றுவரை கட்டப்படவில்லை. மூன்றாம் மாடி, தரையிலிருந்து முப்பத்திரண்டு அடி உயரத்தில், வரைபடத்தில் போட்டபடி கிழக்கு வாசலோடு நிற்கிறது. அதில் சிவக்குமார், அவர் மனைவி கலா, மகள் காயத்ரி மூவரும் குடியிருக்கிறார்கள். வீட்டு வரி கட்டிய ரசீது வைத்திருக்கிறார்கள். நம்பாதவர்கள் வாழவந்தி பஸ்ஸில் இடது பக்க ஜன்னலோரம் உட்கார்ந்து போனால் பார்க்கலாம். மூடுபனி இருந்தால் தெரியாது, அதற்கு யாரும் பொறுப்பில்லை.

சிவக்குமார் ஏரிப் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் மேனேஜர். யார் எதைச் சொன்னாலும் முதல் தடவையிலேயே நம்பிவிடுகிற நல்ல மனிதர், அதாவது வீடு விற்கிறவர்கள் தேடுகிற மனிதர். கலா பஸ் நிலையத்துக்கு எதிரே மிளகும் தைலமும் விற்கும் சிறிய கடை வைத்திருந்தாள். கல்யாணமாகிச் சேலத்திலிருந்து மலையேறி வந்த ஒன்பது வருடத்தில் ஏழு வாடகை வீடு மாறியிருந்தார்கள். ஏழாவது வீட்டுக்காரரும் மகனுக்குக் கல்யாணம் என்று காலி பண்ணச் சொன்ன வாரத்தில்தான் வசந்த் என்ற பில்டர் மெயின் ரோட்டில் ஏசி போட்ட ஆபீஸ் திறந்தார். சுவர் முழுக்க வண்ணப் படம்; பனிக்கு நடுவே ஒரு பால்கனி, அதில் ஒரு குடும்பம் காபி குடித்துக்கொண்டிருந்தது. மனையில் அப்போது சில்வர் ஓக் மரங்களும் ஒரு பலகையும் மட்டுமே இருந்தன. "ஏனுங்க, கட்டி முடிச்சதைக் காட்டுனீங்கன்னா பாத்து வாங்கலாமுங்களே?" என்று கலா கேட்டாள். "கட்டி முடிச்சா இந்த விலைக்குக் கிடைக்காதுங்க மேடம்" என்றார் வசந்த். அது உண்மைதான். அறுபத்து நான்கு பக்க ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படித்துவிட்டுச் சிவக்குமார் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்.

தை மாதம் சாவி என்றார்கள். தை போய் மாசியும் பங்குனியும் போயின. மனையில் ஆறு தூண்கள் ஓராள் உயரத்துக்கு எழுந்து, தலையில் துருப்பிடித்த கம்பியோடு நின்றன. ஜோசியர் குறித்துக் கொடுத்த நாளோ சித்திரைக் கடைசியில் இருந்தது. அவர்கள் ஜாதகத்துக்கு அதை விட்டால் ஆவணிதான். எங்கள் பக்கத்தில் வீடு முடியட்டும் என்று யாரும் பால் காய்ச்சக் காத்திருப்பதில்லை. கதவு இல்லாமல் காய்ச்சுவார்கள், சிமெண்ட் மூட்டையைக் காலால் தள்ளிவிட்டுக் காய்ச்சுவார்கள். நல்ல நாளில் பால் பொங்கிவிட்டால் வீடு நமது, மிச்சத்தைக் கொத்தனார் பார்த்துக்கொள்வார். ஆனால் அவர்களுக்கெல்லாம் நிற்கத் தரையாவது இருந்தது. கலா போன் செய்தபோது வசந்த், "தாராளமாக் காய்ச்சுங்க மேடம், நாலு மாசத்துல சாவி" என்றார். அதற்குப் பிறகு அவர் குரலை ஏற்காட்டில் யாரும் கேட்கவில்லை.

மனைக்குக் காவலிருந்தவன் வாழவந்திக்காரன் சின்னராஜ். பருவத்தில் தோட்டங்களில் மிளகு பறிப்பவன். "கீழயே காய்ச்சிக்கலாங்க அக்கா, எல்லாம் ஒரே எடந்தானுங்க" என்று அவன் நல்லதுக்குத்தான் சொன்னான். கலா ஒப்பவில்லை. "தரைத்தளம் வேற ஒருத்தருதுங்க சின்னராஜ். அடுத்தவங்க ஊட்டுல நான் எதுக்குப் பால் காய்ச்சோணும்? எங்க ஊடு மூணாவது மாடி." ஆகவே சேலத்திலிருந்து வாடகைக்கு வந்த சாரக் கட்டைகளை முப்பத்திரண்டு அடிக்குக் கட்டி, மேலே நான்கு பலகை போட்டு, மிளகு பறிக்கிற ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தினான். பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கலா ஏறினாள். பாதியில் ஒரு தடவை கீழே பார்த்துவிட்டு, மிச்சத்தைக் கண்ணை மூடிக்கொண்டு காலால் படியைத் துழாவி ஏறினாள். மூன்று செங்கல் கூட்டி, சுள்ளி வைத்து, புதுப்பானையில் பாலை ஊற்றினாள். பால் எழும்பி, நுரைத்து, கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. அப்போது வழக்கம்போல மூடுபனி வந்தது. அரைமணி கழித்து அது விலகியபோது கலா டைல்ஸ் தரையில் உட்கார்ந்திருந்தாள். நான்கு பக்கமும் சுவர், இரண்டு படுக்கையறை, பால்கனி. வரைபடத்தில் இருந்த எல்லாம் இருந்தன. மூலையில் வரைந்திருந்த பூச்செடிகூட இருந்தது. வரைபடத்தில் இல்லாதவை இல்லை. அதனால் துணி காயப்போடக் கம்பி இல்லை. கலா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று கீழே நின்ற சிவக்குமார் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். எனக்குத் தெரிந்து அது பயம்தான்.

ஒரு வாரத்தில் சாரக்காரர் வந்து தம் கட்டைகளை அவிழ்த்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். வீடு அப்படியே நின்றது. வாசலிலிருந்து ஒரு இரும்பு ஏணியைத் தொங்கவிட்டுக்கொண்டார்கள். வசந்தின் ஆபீஸ் இருந்த இடத்தில் பஜ்ஜிக் கடை வந்தது. மலையில் இவ்வளவு உயரத்துக்கு மேல் கட்டக்கூடாது என்று விதி உண்டு. அளக்க வந்த அதிகாரி தூணிலிருந்து அளந்து பார்த்து, கட்டடம் ஆறடிதான் வருகிறது என்று எழுதிக்கொண்டு திரும்பினார். இரண்டாம் மாடிக்குப் பணம் கட்டியிருந்த காளியப்பன் என்ற ஓய்வுபெற்ற வாத்தியாரும் சாரம் கட்டி ஏறிப் பால் காய்ச்சினார். மூன்று முறை காய்ச்சினார், மூன்று முறையும் திரிந்துபோனது. அவரிடம் கோபம் நிறைய இருந்தது, பயம் துளியும் இல்லை. அந்த வித்தியாசம் அப்போது யாருக்கும் விளங்கவில்லை.

கலாவுக்கு நிம்மதி என்பதே போயிற்று. அதிர்ந்து நடக்கமாட்டாள். கிரைண்டர் போடமாட்டாள், கடையில் மாவு வாங்கினாள். இரவில் ஒரு கையைத் தரையில் வைத்தபடி படுப்பாள். மகள் குதித்து விளையாடினால் ஓடிப்போய்த் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வாள். ஆனால் குழந்தையிடம் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. கீழே வேறு வீடுகள் இருப்பதாகவும், பனியில் தெரியவில்லை என்றும் சொல்லி வைத்திருந்தாள். ஏணியில் ஏற்றி இறக்கும்போது கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வாள். ஐந்து வயதுப் பிள்ளை நம்பியது.

அந்த வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மூவரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் திரும்பியபோது வீடு தன் இடத்தில் இல்லை. நாற்பதடி தள்ளி, காபிச் செடிகளுக்கு மேலே, பள்ளத்தைப் பார்த்து மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு பக்கச் சுவர் வழியாக அந்தப்புறத்து மரம் தெரிந்தது. சின்னராஜ் ஒரு சில்வர் ஓக்கில் ஏறி ஏணியைக் கயிற்றில் பிடித்துக்கொடுத்தான். கலா உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்ததும் சுவர் கெட்டியாகி, வீடு பழைய இடத்துக்கு வந்து நின்றது. அன்றிலிருந்து யாராவது ஒருவர் உள்ளே இருப்பதென்று வைத்துக்கொண்டார்கள். அதிலும் கலா இருந்தால் வீடு அசையாது. சிவக்குமார் இருந்தால் தொட்டில்போல ஆடும். கீழேயிருந்து பார்த்தே சின்னராஜ் இதைக் கண்டுபிடித்தான். "நீங்க பயந்துட்டே இருக்கறீங்க அக்கா, அதான் நிக்குது. சாரு நிம்மதியாப் படுத்து கிரிக்கெட் பாக்கறாரு." கலா பீரோவிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்துக் கணவர் மடியில் போட்டாள். மூன்று நாளில் அறுபத்து நான்கு பக்கத்தையும் படித்தார். கட்டடம் எந்த நிலையில் நின்றாலும் வாங்கியவர் அதை உள்ளபடியே ஏற்றுக்கொண்டு தவணையைத் தொடர்ந்து கட்டவேண்டும் என்று நாற்பத்தோராம் பக்கத்தில் இருந்தது. அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. வீடு பாறைபோல நின்றது.

இப்படி இரண்டு வருடம் போனது. மற்ற வீடுகளுக்கு அஸ்திவாரம். இந்த வீட்டுக்கு உள்ளே இருக்கிறவரின் பயம். கணவன் மனைவி முறை வைத்துப் பயந்தார்கள், தூக்கத்திலும் பயப்படப் பழகிக்கொண்டார்கள். இருவரையும் சேர்த்து யாரும் ரோட்டில் பார்க்கவில்லை. ஒரு சாவுக்குப் போவதென்றாலும் ஒருவர்தான் போனார்.

அதற்கடுத்த ஐப்பசியில், காபிப் பழம் சிவக்க ஆரம்பித்த வாரத்தில், ஒரு நாள் காலை தண்ணீர் கேன் வண்டி வந்தது. சிவக்குமார் வேலைக்குப் போயிருந்தார். காயத்ரிக்கு அப்போது ஏழு வயது. அஞ்சே நிமிஷம் கண்ணு என்று சொல்லிவிட்டுக் கலா கீழே இறங்கினாள். வீட்டுக்குள் ஓர் ஆள் இருக்கிறதே, அது போதும் என்று நினைத்தாள். வண்டிக்காரனிடம் சில்லறை வாங்கிக்கொண்டு திரும்பியபோது ஏணியின் கடைசிப் படி அவள் தலைக்கு மேலே இருந்தது. வீடு காபித் தோட்டத்தின் மேலே போய்க்கொண்டிருந்தது. பால்கனியில் நின்று காயத்ரி கை தட்டினாள். "அம்மா, ஊடு போவுது பாரு!"

கலா செடிகளுக்குள் விழுந்து எழுந்து ஓடினாள். முன்னால் தோட்டம் முடிந்து பள்ளம் தொடங்குகிறது. அங்கே எட்டிப்பார்த்தால் அடிவாரத்து ஊர்களின் கூரைகள் சிறிதாகத் தெரியும். எந்தத் தாயும் கத்துவதைத்தான் அவளும் கத்தினாள். "பயப்படாத கண்ணு! அம்மா வந்துட்டேன், ஒண்ணும் ஆவாது!" அவள் சொல்லச் சொல்ல வீடு எழும்பியது, வேகம் கூடியது. பழம் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் பைகளைப் போட்டுவிட்டு அண்ணாந்து நின்றார்கள். சின்னராஜ் கயிற்றோடு ஓடி வந்து இரண்டு முறை வீசினான், எட்டவில்லை. "அக்கா, பாப்பா பயப்படவே இல்லீங்க! அதான் போவுது!" என்றான்.

கலா நின்றுவிட்டாள். அவளுக்குப் புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம் என்று பின்னால் பல தடவை சொல்லி அழுதிருக்கிறாள். இரண்டு வருடமாக மகளுக்குத் தெரியாமல் தன் வயிற்றுக்குள்ளேயே கட்டி வைத்திருந்ததையெல்லாம் அன்று அந்தத் தோட்டத்துக்கு நடுவே நின்று, பத்துப் பேர் கேட்க, மேலே பார்த்துக் கத்தினாள்.

"கீழ பாரு சாமி! நல்லாப் பாரு! ஒண்ணுமே இல்ல! மொதல் மாடி இல்ல, ரெண்டாவது மாடி இல்ல, அம்மா பொய் சொன்னேன்! கட்டுனவன் ஓடிப் போயிட்டான்! ஊடு எப்ப வேணும்னாலும் உளுந்துரும்! உன்னையக் காப்பாத்த அப்பாவால முடியாது, என்னாலயும் முடியாது!"

காயத்ரி கம்பிக்கு வெளியே தலையை நீட்டி, அந்த வீட்டிலிருந்து முதல் தடவையாக, நேரே கீழே பார்த்தாள். கை தட்டுவது நின்றது. அவள் வீறிட்ட சத்தத்தில் மரத்திலிருந்த பறவைகள் கிளம்பின. கடைசி சில்வர் ஓக்கின் உச்சிக்கு மேலே, பள்ளத்துக்கு மூன்றடி முன்னால், வீடு நின்றது. பிறகு வந்த வழியே திரும்பி, தன் இடத்தில், கலாவோ சிவக்குமாரோ இருந்தபோது நின்றதைவிட உறுதியாக நின்றது. கலா ஏறிப் போய்க் குழந்தையைக் கட்டிக்கொண்டாள். குழந்தையின் நடுக்கம் மூன்று நாள் அடங்கவில்லை. நான்காம் நாள் வெளியே அடங்கிவிட்டது. அதன் பிறகு காயத்ரி வீட்டுக்குள் குதிக்கவில்லை, யாரும் சொல்லாமலே.

போன ஆவணியில் சேலத்தில் கலாவின் தம்பிக்குக் கல்யாணம். கலாவும் சிவக்குமாரும் காலை பஸ்ஸில் ஒரே சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மலை இறங்கினார்கள். மண்டபத்தில் சொந்தக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "ஏனுங்க, பாப்பாவக் கூட்டிட்டு வரலீங்களா?" "அவ ஊட்டப் பாத்துக்கறாளுங்க" என்றாள் கலா. "எட்டு வயசுல நொம்பப் பொறுப்புங்க" என்று பாராட்டினார்கள். கலா இலையில் வைத்த பாயசத்தைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். பந்தியில் இருக்கும்போதே சின்னராஜ் போனில் கூப்பிட்டான். "ஒரு இஞ்சு கூட அசையலீங்க அக்கா. பாப்பா பால்கனிக் கம்பியப் புடிச்சுட்டு, கண்ணெடுக்காமக் கீழயே பாத்துட்டு உக்காந்திருக்குதுங்க." கலா கணவரிடம் சொன்னாள். அப்படியென்றால் பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடவேண்டாம் என்றார் சிவக்குமார், தாலி கட்டியதோடு கிளம்பாமல் எல்லாரையும் பார்த்துப் பேசிவிட்டே போகலாம் என்றார். அவர்கள் மூன்று மணி பஸ்ஸில் திரும்பினார்கள்.