முட்டி வலி என்று எழுதிய ரிப்போர்ட்

டாக்டரம்மாவின் மேஜைமேல் இரண்டு ரிப்போர்ட் கிடந்தன. ஒன்று, கம்பெனி அனுப்பி எடுத்த டிரெட்மில் டெஸ்ட்: ஏழாவது நிமிடத்தில் ஈசிஜி மாறுகிறது, இதயத்துக்கு ரத்தம் போதவில்லையோ என்று சந்தேகம். மற்றது, பத்து நாள் கழித்து கிரேன் ஆபரேட்டர் தானாகவே வேறொரு லேபில் போய் எடுத்தது: நார்மல். இவருக்கு எது பிடித்தது என்று சொல்லவும் வேண்டுமா? முதலாவதில் தனக்குக் கிடைத்த காப்பியைப் பீரோவில் ஒளித்துவைத்தார்; டாக்டரம்மாவுக்குக் கம்பெனியே ஒன்று அனுப்பிவிட்டது தெரியாமல். இரண்டாவதை வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் நீட்டினார்.

இருபத்திரண்டு வருடமாக ஐம்பது மீட்டர் உயரத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த மனிதர். டாக்டரம்மா கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை மேலே ஏறலாம். இல்லையென்றால் கேட்டில் நின்று லாரி நம்பர் எழுத வேண்டியதுதான்.

அந்த நார்மல் வந்த கதை அவருக்கு மட்டுமே தெரியும். அந்த லேபின் டிரெட்மில்லில் நான்காவது நிமிடமே நெஞ்சை இறுக்கிப் பிடித்தது. “நிறுத்துங்க, முட்டி வலிக்குது” என்று இறங்கிவிட்டார். தன் சாமர்த்தியத்தை அன்று தானே மெச்சிக்கொண்டார்.

“நாலு நிமிஷத்துல நிறுத்திட்டீங்க. இதயம் வேகமே பிடிக்கல. இந்த நார்மலை எப்படி நம்பறது?” என்றார் டாக்டரம்மா.

“முட்டி வலி டாக்டர். மத்தபடி நான் கல்லு மாதிரி இருக்கேன்.”

“கிரேனுக்கு எத்தனை படி ஏறணும்?”

“இருநூறு இருக்கும் டாக்டர்,” என்றாள் கூட வந்திருந்த மனைவி, தானே ஏறுகிறவள்போல.

“நாலு நிமிஷம் நடந்தா வலிக்கிற முட்டியை வெச்சுக்கிட்டு இருநூறு படியா? இதயத்தை விடுங்க, முட்டிக்காகவே கையெழுத்துப் போட மாட்டேன்.”

வந்ததே கோபம் அவருக்கு. “என் முட்டிக்கு ஒண்ணுமே இல்ல!” என்று எழுந்து, இரண்டு தோப்புக்கரணமும் போட்டுக் காட்டினார்.

“அப்ப ஏன் நிறுத்தினீங்க?”

வசமாக மாட்டிக்கொண்டார். வேறு பொய் தேடினார், அகப்படவில்லை. முதல்முறையாகப் பயமாக இருந்தது.

“நெஞ்சு அடைச்சுது. ரெண்டு மாசமாவே இருக்கு. ஏணியில பாதி ஏறினதும் அங்க இருக்கற மேடையில கொஞ்சம் நின்னுட்டுத்தான் போவேன்.”

“அப்ப ரெண்டு ரிப்போர்ட்டும் ஒண்ணைத்தான் சொல்லுது,” என்று டாக்டரம்மா ரத்தக்குழாய் ஸ்கேனுக்கு எழுத ஆரம்பித்தார். “அது வர்ற வரைக்கும் ஏணிப் பக்கமே போகக் கூடாது.”

மனைவி அவரையே பார்த்தாள்.

“அங்க நின்னுதானே தினமும் எனக்குப் போன் பண்ணுவீங்க?” என்றாள். “இந்த வயசுல இவருக்கு என்மேல இவ்வளவு ஆசையான்னு, நான் பாட்டுக்குச் சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்தேனே.”